கமான்பட்டை வேல்

கால்ல இடிக்குதா அம்மிணி? இரு, இந்தப் பக்கமா நகர்த்தி வச்சுக்கறேன். பயப்படாதே, அருவாளெல்லாம் இல்லை. வேல். முருகனுக்குக் கொண்டு போறேன். உக்கடத்துல ஏறறப்ப கண்டக்டர் தம்பி ஏத்த மாட்டேன்னுட்டார். "இத்தனை நீளத்துக்குத் துணியைச் சுத்திக் கொண்டாந்திருக்கீங்களே, என்னங்கம்மா இது?"ன்னார். முனையை மட்டும் பிரிச்சுக் காட்டினேன். சந்தனமும் குங்குமமும் பார்த்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டு, "முனையைக் கீழ பாக்க வச்சுக்கங்க, டிரைவர் பிரேக் போட்டா யாரு கண்ணுலயாவது குத்திரும்"னார். பிரேக்குங்கற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது பாரு, எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இந்த வேல் இன்னைக்குப் பழனிக்குப் போகுதுன்னா அதுக்குக் காரணமே ஒரு பிரேக்குதான்.

நீயும் பழனிக்கா? உடுமலையா. சரி, அதுக்குள்ள சொல்லி முடிச்சிடலாம்.

இது என்ன இரும்புன்னு நினைக்கறே? காரோட கமான்பட்டை. லாரிக்கு அடியில பார்த்திருப்பியே, வில்லு மாதிரி வளைச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருப்பாங்க. வண்டி பள்ளத்துல விழுந்தா அதுதான் தாங்கும். அதுல ஒரு பட்டையை எடுத்துக் கொல்லுப்பட்டறையில கொடுத்து வேலா அடிக்கச் சொன்னேன். "இந்த இரும்பு சாமிக்கு வேணும்னா வளையும், மனுஷனுக்கு வளையாதுங்கம்மா"ன்னார் பட்டறைக்காரர். என் பையன் காரோட பட்டை இது.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவளைத் திருப்பூர்ல கட்டிக் கொடுத்தாச்சு, நல்லா இருக்கா. சின்னவன் தனசேகரன். தனான்னு கூப்பிடுவோம். பம்பு கம்பெனியில வரைபடம் போடற வேலை. கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். ஒரு கார் வச்சிருக்கான், அவ்வளவுதான். ஆனா அந்த ஒண்ணு போதும் அம்மிணி. அந்தக் கார் இருக்கற வீட்டுல வேற கெட்ட பழக்கத்துக்கு இடம் ஏது?

காண்டஸான்னு ஒரு கார். நீ சின்னப் பொண்ணு, பார்த்திருக்க மாட்டே. முன்னால நீளமா மூக்கு, பின்னால நீளமா வாலு, நடுவுல நாம. எருமைக்கடா படுத்திருக்கற மாதிரியே இருக்கும். ஒரு மில்லு முதலாளி ஷெட்டுல கோழி முட்டை வச்சுக்கிட்டிருந்த வண்டியை இவன் வாங்கிக்கிட்டு வந்தான். அதுக்கு வேற என்ஜின் வச்சான். பழைய என்ஜின் சாது, புதுசு முரடு. முரட்டு மருமகன் வந்து சேர்ந்த வீடு மாதிரி ஆயிருச்சு. முன்னால இது இழுக்க, பின்பக்கத்தால தாங்க முடியலை. கிளம்பறப்ப பின்சக்கரம் ரெண்டும் தத்தித் தத்திக் குதிக்கும். "பட்டை முறுக்கிக்குதும்மா, ஆக்சிலுக்கும் தெம்பு பத்தலை"ம்பான். இடுப்பு சரியில்லைன்னு சொல்லேன்டாம்பேன்.

எனக்கும் அந்த வருஷம்தான் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. எனக்கு வந்தது ஒரு புட்டி வலித் தைலம். கார் இடுப்புக்கு ஜப்பான்ல இருந்து ஸ்பிரிங்கு. நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லிக்காட்டற பழக்கம் எனக்கு இல்லை. தீபாவளி அன்னைக்கு ஒருதடவை சொன்னேன், கந்த சஷ்டிக்கு ஒருதடவை. அப்புறம் பொங்கலுக்கு.

பழைய கமான்பட்டையைக் கழட்டிட்டான். அதுக்குப் பதிலா சுருள் சுருளா ரெண்டு பெரிய ஸ்பிரிங்கு. அதைக் கொண்டாந்து சமையலறை வாசல்ல வச்சிருந்தான். அடடா, என்ன அழகு தெரியுமா, மொழுமொழுன்னு! நம்ம பித்தளைக் குடத்தை அது மேல வச்சுப் பார்த்தேன், அளவெடுத்துச் செஞ்ச பிரிமணை மாதிரி அப்படியே உக்காந்துக்கிச்சு. ரெண்டு குடத்துக்கு ரெண்டு ஸ்பிரிங்கு. தண்ணி மொண்டா லேசா ஒரு ஆட்டம் ஆடி நிக்கும், கோயில் யானை மாதிரி. சாயங்காலம் வந்தவன் கத்தினான் பாரு! "அம்மா, அதுல கீறல் விழக் கூடாதும்மா!" கீறல் எங்கே விழுந்துச்சு? குடத்துல விழுந்துருக்கும். அதை யாரு கேட்டா?

அப்புறம் ஆக்சில். பின்சக்கரம் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கற இரும்புத் தண்டு. நடுவுல பானை மாதிரி ஒரு உருண்டை, அதுக்குள்ளதான் பல்சக்கரமெல்லாம் சுத்துமாம். உக்கடம் பழைய இரும்புக் கடையில ஒரு ஜீப்போடதைத் தேடிப் பிடிச்சான். அது அகலம் ஜாஸ்தி. லேத்துல கொடுத்து ரெண்டு பக்கமும் அறுத்து ஒட்டிச் சின்னதாக்கினான். நாம ஜாக்கெட்டு பிடிக்கறதில்லையா, அந்த மாதிரி. எல்லாத்துக்கும் எழுதிக் கொடுத்து முறைப்படி அனுமதி வாங்கித்தான் பண்ணினான், என் பையன் அப்படி. ஆனா வேலை முடியற வரைக்கும் அது எங்க வீட்டுக் கூடத்துலதான் படுத்துக் கிடந்தது. மேல ஒரு போர்வை போட்டு மூடி வச்சிருந்தேன். பார்க்கறவங்க யாரோ உடம்பு சரியில்லாம படுத்திருக்காங்கன்னு குரலைத் தாழ்த்திப் பேசுவாங்க.

கல்யாணத் தரகர் ஒருத்தர் வந்தார். நல்ல மனுஷன், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. நான் காபி கலக்கப் போயிருந்தேன், அந்த உருண்டை மேல உக்காந்துட்டார். மோடான்னு நினைச்சுட்டார் பாவம். எழுந்திருச்சுப் போறப்ப பின்னால பார்த்தேன், வட்டமா இத்தனை பெரிய கிரீஸ். சொல்லலாமான்னு பார்த்தேன். சொன்னா மனுஷன் சங்கடப்படுவாரேன்னு விட்டுட்டேன். அப்படியே ரெண்டு பஸ் மாறிப் போயிருக்கார். மறுநாள் போன் பண்ணி, ஜாதகம் பொருந்தலைன்னுட்டார். எல்லாம் முருகன் செயல், நாம என்ன பண்ண முடியும்?

இப்படியே ஒண்ணு ஒண்ணா இடம் தட்டிப்போகுது. பொண்ணு வீட்டுல இருந்து வர்ற ஒறம்பரை சனமெல்லாம் வாசல்ல பின்பாகம் இல்லாத வண்டியைப் பார்க்கறாங்க, உள்ளே வண்டியில்லாத பின்பாகத்தைப் பார்க்கறாங்க, காபி குடிக்கறாங்க, போயிடறாங்க. பையனுக்கு முன்னால முடி வேற கொட்ட ஆரம்பிச்சிருச்சு. ஒரு கிருத்திகை அன்னைக்குக் கழட்டிப் போட்ட பட்டையைத் தொட்டுக் கும்பிட்டு வேண்டிக்கிட்டேன். "முருகா, இந்த வண்டியும் பின்னால எந்திரிச்சு நிக்கணும், என் பையனுக்கும் ஒரு பொண்ணு அமையணும். ரெண்டும் நடந்தா இதையே வேலா அடிச்சுக் கொண்டாந்து உன் மலையில வைக்கறேன்."

வேண்டி ஒரு மாசம் ஆகலை, ஒரு ஜாதகம் வந்துச்சு. பொண்ணு பேரு மோகனப்பிரியா. பத்துக்கு ஒன்பது பொருத்தம். இவன் போய்ப் பொண்ணைப் பார்த்தான், அவளுக்கும் இவனைப் பிடிச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்ததுல இருந்து தனியாச் சிரிச்சுக்கறான். நானும் விளக்கேத்தி வச்சேன். அப்புறம்தான் பொண்ணோட அப்பா என்ன வேலை பார்த்தாருன்னு விசாரிச்சோம். பிரேக் இன்ஸ்பெக்டர்! ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். நாச்சிமுத்துன்னு பேரு. அந்தப் பேரைச் சொன்னா லாரிக்காரங்க இன்னைக்கும் வேட்டியை இறக்கிவிட்டு நிப்பாங்களாம். தனா அப்படியே கூடத்துல உக்காந்துட்டான். அந்த உருண்டை மேலதான்.

விஜயதசமிக்கு எங்க வீடு பார்க்க வர்றதா முடிவாச்சு. எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது, உனக்கும் தெரிஞ்சிருக்கும். வீடு பார்க்க வர்ற பொண்ணு வீட்டுக்காரங்க காபித் தண்ணி குடிப்பாங்க. ஆனா இலையில உக்காந்து கை நனைச்சாங்கன்னாத்தான் சம்மதம். கை நனைக்காம எழுந்திருச்சுட்டா, அவ்வளவுதான், வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்.

தனா லீவு போட்டுட்டு ராப்பகலா வண்டிக்கடியிலேயே கிடந்தான். ஆயுத பூஜை அன்னைக்கு மத்தியானம் எல்லாம் மாட்டி முடிச்சுட்டான். பின்சக்கரம் ரெண்டு மட்டும் மாட்டலை, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தான். பூசணிக்காய் வாங்கக் கிளம்பறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். "அம்மா, பாடிக்கு மட்டும் பொட்டு வை. ஸ்பிரிங்குல வைக்காதே. ஷாக் அப்சார்பர்ல வைக்காதே." சரி சாமின்னேன். ஸ்பிரிங்குல வைக்கலை. ஷாக் அப்சார்பர்ல வைக்கலை. பெத்த பிள்ளை சொன்னா நான் கேட்டுக்குவேன்.

ஆனா அங்கே இன்னொண்ணு இருந்துச்சு அம்மிணி. சக்கரம் மாட்டற இடத்துல, பளபளன்னு, வட்டமா. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பார்த்ததும் தெரிஞ்சு போச்சு, தோசைக்கல்லேதான்! புத்தம் புதுக் கல்லு. அதைப் பத்தி அவன் ஒண்ணுமே சொல்லலை. நீயே சொல்லு, புது இரும்புக்கல்லை எண்ணெய் போட்டுப் பழக்காம யாராவது அடுப்புல ஏத்துவாங்களா? துருப் பிடிச்சுப் போகாதா? ஆம்பளைப் பையன், அவனுக்கு எங்கே தெரியும். விளக்குக்கு வச்சிருந்த நல்லெண்ணெய், செக்குல ஆட்டினது. அதை எடுத்துக்கிட்டு வந்து ரெண்டு கல்லுக்கும் ரெண்டு பக்கமும் நல்லாத் தேய்ச்சு விட்டேன். சாதாரண நாளா இருந்தா அரை வெங்காயத்துல தொட்டுத் தேய்ச்சிருப்பேன், அதுதான் நல்லாப் பிடிக்கும். பூஜை நாளாச்சேன்னு வெங்காயத்தைத் தொடலை. துணியிலதான் தடவினேன். கல்லைக் கவ்விக்கிட்டு ஒரு பிடி மாதிரி இருந்துச்சு, அந்த இடுக்குலயும் நாலு சொட்டு விட்டேன். மேல மூணு விரலால சந்தனம், நடுவுல குங்குமம். முருகன் நெத்தி மாதிரி ஆயிருச்சு.

அவன் பூசணிக்காயோட வந்தான். நல்ல நேரம் முடியப்போகுதுன்னு எங்க வீட்டுக்காரர் கத்த, அவசர அவசரமாச் சக்கரத்தை மாட்டினான். எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி இறக்கினான். பூஜை திவ்வியமா முடிஞ்சது.

மறுநாள் வந்தாங்க. நாச்சிமுத்து அண்ணன் ஒல்லியா, வேட்டி சட்டையில, இஸ்திரிப் பெட்டியில இருந்து நேரா எடுத்த மாதிரி இருந்தார். அவர் சம்சாரம். அப்புறம் மோகனப்பிரியா. பொதுவா மாப்பிள்ளை வீடு பார்க்கறப்ப பொண்ணு வர்றதில்லை. "வாழப்போறவ நான்தானே"ன்னு கிளம்பி வந்துட்டாளாம். எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு.

அண்ணன் செருப்பைக் கூடக் கழட்டலை. வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்தார். குனிஞ்சு பின்னால அடியில பார்த்தார். "ஆக்சில் மாத்தியிருக்குதுங்களா மாப்பிள்ளை?"ன்னார். தனா அனுமதிக் காகிதத்தை நீட்டினான். அதை அவர் வாங்கலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஹேண்ட் பிரேக் புடிக்குதுங்களா?"

"புடிக்குமுங்க."

"ஒரு ஆளைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா ஹேண்ட் பிரேக்கைப் பாக்கோணும்"னு எங்க வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "கால் பிரேக்கு ஆளு இருக்கறப்ப நாலு சக்கரத்தையும் புடிக்கறது. ஹேண்ட் பிரேக்கு பின்சக்கரம் ரெண்டை மட்டும் புடிச்சு, ஆளு இல்லாதப்பவும் நிறுத்தி வைக்கோணும். குடும்பஸ்தன் அப்படி இருக்கோணுமுங்க."

"இலை போட்டாச்சுங்கண்ணா. கை நனைச்சிட்டுப் பொறுமையாப் பாக்கலாமுங்க"ன்னேன்.

"இல்லைங்கம்மிணி. பாத்துட்டு வந்து நனைக்கறேன்."

வடையெல்லாம் ஆறுது. அவரே ஸ்டீயரிங்குல உக்காந்துட்டார். பக்கத்துல தனா. பின்னால நானும் பொண்ணும். நான் எதுக்குப் போனேன்னு கேட்காதே, பையன் வாழ்க்கை ஓடறப்ப நான் வீட்டுல உக்காந்திருக்கறதா?

எங்க கோவைப்புதூர்ல ஒரு மேடு இருக்குது. மேட்டுக்கு அடியில சின்னதா ஒரு பிள்ளையார் கோயில். அந்த வழியாப் போறவங்க யாரும் ஒரு கும்பிடு போடாம ஏற மாட்டாங்க. இவர் வெளியூர்க்காரர். கண்டுக்கவே இல்லை. விர்ருன்னு ஏறிட்டார். வண்டி குதிக்கவே இல்லை அம்மிணி, தொட்டில் மாதிரிப் போச்சு. நான் மட்டும் திரும்பிப் பார்த்து, "பிள்ளையாரப்பா, தெரியாமப் பண்ணிட்டார், மன்னிச்சுக்கோ"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

பாதி மேட்டுல கால் பிரேக் போட்டு நிறுத்தினார். என்ஜினை அணைச்சார். கியரை எடுத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கர்ருன்னு. அப்புறம் என்ன பண்ணினார்ங்கறே? ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டுக்கிட்டார்!

"நான் எப்பவுமே இப்படித்தானுங்க டெஸ்ட் பண்ணுவேன். கால் கீழ இருந்தா நம்மளை அறியாமத் திருட்டுத்தனம் பண்ணும்"னார்.

சொல்லி வாய் மூடலை. வண்டி பின்னால நகர ஆரம்பிச்சது.

மெதுவாத்தான். தேர் மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இன்னும் இழுக்கறார். தேர் நிக்கலை. காலைக் கீழ விடப் பார்க்கறார், வேட்டி சுத்திக்கிச்சு, சம்மணம் பிரிய மாட்டேங்குது. எதிர்ல பால்காரர் ஒருத்தர் வண்டியை ஓரங்கட்டிக்கிட்டு, "ஏனுங்க, முன்னால பாத்து உக்காந்துக்கிட்டுப் பின்னால போறீங்க?"ன்னு கேட்டார். "அப்பா, காலு!"ன்னு பொண்ணு கத்தறா. "வர மாட்டேங்குது சாமி!"ங்கறார் அவர். நான் முருகா முருகாங்கறேன். அப்பத்தான் என் பையன் ஒரு காரியம் பண்ணினான். அப்படியே குனிஞ்சு, அவர் மடிக்கு அடியில தலையை விட்டு, கையாலயே அந்தக் கால் பிரேக்கை அமுக்கிட்டான். வண்டி நின்னுச்சு. கல்யாணத்துக்கு முன்னாலயே மாமனார் கால்ல விழுந்த மாப்பிள்ளை இந்தக் கொங்கு நாட்டுலயே அவன் ஒருத்தனாத்தான் இருப்பான்.

எங்கே வந்து நின்னுச்சு சொல்லு பார்க்கலாம். பிள்ளையார் கோயிலுக்கு நேரா! தேங்காய் உடைக்கற கல்லுக்கு ஒரு சாண் முன்னால! கும்பிடாமப் போனவரைப் பிள்ளையார் பிடிச்சு இழுத்துக் கொண்டாந்து நிறுத்திட்டார். எனக்கு அப்பவே விளங்கிருச்சு. பூசாரி தட்டோட ஓடி வந்தார். "புது வண்டிங்களா? தேங்காய் கொண்டாந்திருக்கீங்களா?"ன்னார்.

அண்ணன் இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டினார். முகம் செவந்து போச்சு. "நிக்காத வண்டியை வச்சிருக்கறவனுக்கு..."ன்னு ஆரம்பிச்சார். அம்மிணி, அந்த வாக்கியம் எங்கே போய் முடியும்னு எனக்குத் தெரியும். வீட்டுல போட்ட இலையெல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. தனா நின்னுக்கிட்டே கருகிப் போயிட்டான்.

அப்பத்தான் மோகனப்பிரியா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, பின்சக்கரத்துக்கிட்டப் போய்க் குந்தினா. ஓட்டை வழியா விரலை விட்டா. விரலை மோந்து பார்த்தா. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. நான் பக்கத்துல போய், "சுத்தமான நல்லெண்ணெய் கண்ணு. சந்தனமும் இருக்குது"ன்னு மெதுவாச் சொன்னேன்.

நீ பார்த்திருக்கணும். உதட்டைக் கடிச்சுக்கிட்டா. தோளெல்லாம் குலுங்குது. கண்ணுல தண்ணி தளும்பிருச்சு. இந்தக் காலத்துப் பொண்ணுக்கு அத்தனை பக்தி! அவங்க அப்பா திரும்பிப் பார்த்ததும், அந்த விரலை அப்படியே நெத்தியில தொட்டு வச்சுக்கிட்டா.

"என்ன சாமி அங்கே?"ன்னு மகளைக் கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்லைங்கப்பா. பிரேக் டிஸ்க்கும் புதுசு, பேடும் புதுசு. இன்னும் படியலை."

தனாவும் குனிஞ்சு சக்கரத்தைப் பார்த்துட்டு வாயைத் திறந்தான். "இல்லீங்க, இதுல என்னமோ எண்..."ன்னான். அவ எழுந்திருச்சு வந்து அவன் காலை ஒரு மிதி மிதிச்சா. நல்லாவே மிதிச்சா. அம்மி மிதிக்கறது முகூர்த்தத்துலதானே, இவளுக்கு அவசரம்னு நினைச்சுக்கிட்டேன்.

"ஏங்கப்பா, புது பேடு படியறதுக்கு முன்னால மேட்டுல நிறுத்திப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

அவர் யோசிச்சார். மீசையைத் தடவினார்.

"சொல்லியிருக்கேன்."

"அப்ப தப்பு வண்டி மேலயா, டெஸ்ட் பண்ணவங்க மேலயா?"

பூசாரி, பால்காரர், நான், தனா, எல்லாரும் அவரையே பார்க்கறோம். பிள்ளையாரும் பார்க்கறார்.

"டெஸ்ட் பண்ணவன் மேலதான்"னார். "ஆனா மாப்பிள்ளை கையால அமுக்கினார் பாரு, அது பிரேக்கு!"

பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டார். வீட்டுக்கு வந்தோம். இலையில உக்காந்தார். கை நனைச்சார், அம்மிணி! ஆறின வடையில நாலு சாப்பிட்டார். பாயசம் ரெண்டு தடவை.

சாப்பிட்டதும் பொண்ணும் பையனும் வண்டிக்கிட்டப் போயிட்டாங்க. சக்கரத்தைக் கழட்டி, என்னமோ ஊத்தி ஊத்தித் துடைச்சாங்க. பேசிப் பழகட்டும்னு நான் அந்தப் பக்கம் தலை காட்டலை. புது பேடு நாலையும் கழட்டிக் குப்பையில போட்டுட்டாங்க. அண்ணன் கண்ணு பட்டிருக்கும், திருஷ்டி கழிக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டும் விழுந்து விழுந்து சிரிக்கற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டுச்சு. தனா அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை.

தை மாசம் கல்யாணம்னு முடிவாச்சு. அன்னைக்குக் கிளம்பறப்ப அவ என்னைத் தனியாக் கூப்பிட்டா. "அத்தை, அடுத்த ஆயுத பூஜையில இருந்து சக்கரத்துக்கு நான் பொட்டு வைக்கறேன். நீங்க முன்னால கண்ணாடிக்கு மட்டும் வைங்க"ன்னா. வயசானவளைக் குனிய விடக் கூடாதுன்னு எத்தனை கரிசனம் பாரு! என் இடுப்பைப் பத்தி எங்க வீட்டுல முதல் முதலா நினைச்சுப் பார்த்தவ அவதான். எண்ணெய் பாட்டிலைக் கூட மேல் பரண்ல எடுத்து வச்சுட்டுத்தான் போனா. நான்தான் இன்னைக்கு எங்க வீட்டுக்காரரை ஏறச் சொல்லி எடுத்துக்கிட்டு வந்தேன், மலையில விளக்குப் போடறதுக்கு.

இந்தா, பொள்ளாச்சி வந்துருச்சு. பத்து நிமிஷம் நிக்கும். இந்த வேலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ கண்ணு. நான் இறங்கிட்டு வந்துடறேன். காபியெல்லாம் வேண்டாம், விரதம். ஏறறப்பவே பார்த்தேன், இந்த பஸ்ஸோட பின்சக்கரம் நடுவுல இரும்பு வறண்டு போய்க் கிடக்குது. இத்தனை பேரைச் சுமந்துக்கிட்டுப் போற வண்டி, ஒரு பொட்டு வைக்கக் கூட ஆளில்லை. உள்ளே இடுக்குல நாலு சொட்டு விட்டுட்டு வந்துடறேன்.

அட, ஏன் அம்மிணி கையைப் பிடிச்சு இழுக்கறே? உதட்டை ஏன் கடிச்சுக்கறே? இதென்ன, தோளெல்லாம் குலுங்குது... அடடா, உனக்கும் கண்ணு கலங்கிப் போச்சே!